பட்டாளத்துக்குப் புறப்படும் பிள்ளை... வீட்டில் என்னென்ன தயாராக வேண்டும்?

‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயலும், 40 தென்னையும், இரண்டு பசுமாடும் இருக்கின்றன. மகன் ராணுவத்தில் அக்னிவீர் தேர்வில் பாஸாகி, பயிற்சிக்கு வரச்சொல்லும் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான். பிசான அறுப்புக்கு வீட்டில் இருக்க மாட்டான் என்று தெரிகிறது. அவனுக்கு என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்? நாங்கள் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?’’

தென்காசி மாவட்டம், இலத்தூரிலிருந்து ஒரு தாய் நமக்கு எழுதிய கடிதம் இது. வழக்கமாக இப்படி வரும் கேள்விகளுக்குக் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் பதில் சொல்லிவிடுவோம். ஆனால், இது நாலு வரியில் அடங்குகிற கேள்வி இல்லை. அதனால் ஒரு காலை நேரத்தில் நேரிலேயே கிளம்பிப் போனோம்.

மேற்கே மலை, ஊருக்குப் பக்கத்தில் குளம், கதிர் பால் பிடித்து நிற்கும் பிசான நெல் என்று பச்சையாக இருந்தது இலத்தூர். ‘‘வாங்க தம்பி. பேரு, போட்டோ மட்டும் போடாதீங்க. பிள்ளை இன்னும் போய்ச் சேரல’’ என்று சொல்லித்தான் காபி கொடுத்தார் அந்தத் தாய். அடுத்த தெருவிலிருந்து, ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவரையும் வரச்சொல்லி இருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணாச்சி’.

வருமானம் என்ன... கைக்கு வருவது என்ன?

முதலில் திட்டத்தைப் புரிந்துகொள்வோம். அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14-ம் தேதி அறிவிக்கப்பட்டது. இதில் சேர்பவர்கள் அக்னிவீரர்கள். பணிக்காலம், பயிற்சியையும் சேர்த்து 4 ஆண்டுகள். அது முடிந்ததும், விண்ணப்பிப்பவர்களில் தகுதி அடிப்படையில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர் நிரந்தரப் பணியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும்.

சம்பளம் முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் ஒவ்வொரு மாதமும் 30 சதவிகிதம் ‘சேவா நிதி’க்காகப் பிடிக்கப்படும். அதாவது, முதல் ஆண்டில் 9,000 ரூபாய் போக, கைக்கு வருவது 21,000 ரூபாய். நான்கு ஆண்டுகளில் இப்படிப் பிடிக்கும் தொகை 5.02 லட்சம். அரசும் அதே அளவு தொகையைப் போடும். இரண்டும் சேர்ந்து 10.04 லட்சம். வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கிடைக்கும் என்று அறிவிப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. இதற்கு வருமான வரி கிடையாது. ஆனால், நாலு ஆண்டு முடியும்வரை இடையில் எடுக்க முடியாது.

‘‘எனக்குப் பென்சன் வருது. ஆஸ்பத்திரி வசதி, கேன்டீன் கார்டு எல்லாம் உண்டு. நாலு வருஷத்துல திரும்புற அக்னிவீருக்குப் பென்சன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, முன்னாள் படைவீரர்ங்கிற அந்தஸ்தும் கிடையாது. ஊர்ல பலபேரு என்னையப் பாத்துட்டு, ‘மகனும் இப்படித்தான் வந்து உக்காருவான்’னு நினைச்சுக்கிடுதாங்க. ரெண்டும் வேற வேற’’ என்றார் அண்ணாச்சி.

பேச்சோடு பேச்சாக வெளிவந்த கடன்

இதுவரை பேசாமல் இருந்த தந்தை, அப்போதுதான் வாயைத் திறந்தார். ‘‘பக்கத்து வயல் அரை ஏக்கர் விலைக்கு வருது, அண்ணாச்சி. கையில உள்ளது போக அஞ்சு லட்சம் குறையுது. ரெண்டு வட்டிக்குத் தாறதா ஒருத்தர் சொல்லியிருக்காரு. இவன் சம்பளத்துல வட்டியக் கட்டிட்டு, கடைசியில வாற பதினோரு லட்சத்துல அசலை அடைச்சிரலாம்னு...’’

திண்ணையில் உட்கார்ந்திருந்த மகன் நிமிர்ந்து பார்த்தான். ‘‘யப்பா, எங்கிட்ட சொல்லவே இல்லையே...’’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அண்ணாச்சி ஒரு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டார். 5 லட்சத்துக்கு ரெண்டு வட்டி என்றால், மாதம் 10,000 ரூபாய். முதல் ஆண்டு கைக்கு வரும் 21,000 ரூபாயில் ஏறக்குறைய பாதி. 48 மாதங்களில் வட்டி மட்டும் 4.80 லட்சம். கடைசியில் சேவா நிதி வந்ததும் அசல் 5 லட்சம். ஆக, அரை ஏக்கருக்காக 9.80 லட்சம் ரூபாய் பையனின் உழைப்பிலிருந்து போய்விடும்.

‘‘பணம் போறதுகூட பெருசில்ல. பயிற்சியில இருக்க பிள்ளை, மேட்டுல ஓடும்போது வட்டிய நினைச்சுக்கிட்டு ஓடக்கூடாது. தப்பித்தவறி சொந்த விருப்பத்துல இடையில வெளிய வந்தா, அவன் கட்டுன பங்கும் அதுக்குள்ள வட்டியும்தான் வரும். அரசாங்கம் போடுற பங்கு வராது. அப்ப அந்தக் கடனை யாரு அடைப்பா? 22, 23 வயசுல திரும்பி வாரவனுக்கு அந்தப் பணம் ஒண்ணுதான் முதல். அதை நாம இப்பவே செலவு பண்ணிரக் கூடாது’’ என்றார்.

ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். பையனைத் தயார்படுத்துவது என்றால், பெட்டி கட்டுவது மட்டுமல்ல. நாலு ஆண்டு கழித்து அவன் திரும்பி வரும் நாளையும் சேர்த்து இப்போதே வீட்டைத் தயார் செய்வது. நிரந்தரப் பணி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும், வந்து நிற்க இடமும், தொடங்க முதலும் இருக்க வேண்டும்.

போகும் முன் முடிக்க வேண்டிய காகித வேலைகள்

அண்ணாச்சியின் அனுபவமும், ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் உள்ள விவரங்களும் சேர்த்து, ஒரு பட்டியல் போட்டோம்.

பெயரும் பிறந்த தேதியும்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என்ன இருக்கிறதோ, அதுதான் ராணுவப் பதிவேட்டில் ஏறும். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும். சான்றிதழில் பின்னால் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் முழுசாகவும் இன்னொன்றில் பாதியாகவும் இருக்கும். மகனின் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், பெற்றோரின் ஆதார் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பணியில் சேர்ந்த பிறகு திருத்துவது பெரிய வேலை.

சான்றிதழ்கள்: இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற சான்றிதழ் ஆகியவற்றை அறிவிப்பில் கேட்கும் படிவத்தில், கேட்கும் தேதிக்குள் வாங்குங்கள். 18 வயது நிறையாதவர் என்றால், சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

கைபேசி எண்: இதைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்த வீட்டில் அப்பாவின் ஆதார், அம்மாவின் வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான் பதிவு, கேஸ் இணைப்பு... எல்லாமே மகனின் எண்ணில்தான் இருந்தன. பயிற்சியின் ஆரம்ப வாரங்களில் கைபேசி அவன் கையில் இருக்காது. ஓ.டி.பி வந்தால் சொல்ல ஆள் இல்லை. அவன் கிளம்புவதற்கு முன், பெற்றோர் பெயரில் ஓர் எண்ணை வாங்கி, எல்லாவற்றிலும் மாற்றிவிட வேண்டும்.

நிலம்: தாத்தா பெயரில் பட்டா இருந்து, மாறுதலுக்கு மகனின் கையெழுத்தும் தேவைப்படும் நிலை இருந்தால், இப்போதே முடித்துவிடுங்கள். அவனுக்கு ஆண்டுக்கு 30 நாள்தான் விடுமுறை. அதை வட்டாட்சியர் அலுவலக வாசலில் கழிக்க வைக்காதீர்கள்.

வாரிசு நியமனம்: இதைப் பேச எந்தத் தாய்க்கும் மனசு வராது. அக்னிவீரருக்கு அவர் பிரீமியம் கட்டாமலே 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு உண்டு. பணியின் காரணமாக உயிரிழந்தால் 44 லட்சம் ரூபாய் கருணைத்தொகையும் உண்டு. உடல் ஊனம் ஏற்பட்டால் அதன் அளவைப் பொறுத்து 44 லட்சம், 25 லட்சம், 15 லட்சம் என்று இழப்பீடு வகுத்திருக்கிறார்கள். படிவத்தில் யார் பெயரை எழுதப் போகிறான் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள்.

இதைச் சொன்னதும் அந்தத் தாய் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, ‘‘பேசுனா ஒண்ணும் ஆயிராதுல்லா, அண்ணாச்சி?’’ என்று கேட்டார். ‘‘ஒண்ணும் ஆகாதும்மா. பயிருக்குக் காப்பீடு போடுதோம், அதுக்காகப் பயிரு அழிஞ்சா போகுது?’’ என்றார் அவர்.

வயலுக்கு மாற்று ஏற்பாடு

அடுத்தது, தாய் எழுதிக் கேட்ட முக்கியமான விஷயம். ராத்திரி தண்ணீர் பாய்ச்சுவது, மருந்து அடிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் மகன்தான் செய்துவந்திருக்கிறான். அவன் இல்லாமல் என்ன செய்வது?

பிசான அறுவடைக்கு அறுவடை இயந்திரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம். வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அறுவடை முடிந்ததும், ஈரத்தைப் பயன்படுத்தி உளுந்து போட்டால் ஆள் தேவை குறைவு. கார் பருவத்தில், சாரல் நன்றாக விழுந்து குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் நெல் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் முக்கால் ஏக்கரோடு நிறுத்தி, மீதியில் மாட்டுக்குத் தீவனப்புல் போட்டால், பெற்றோர் இருவரும் சமாளிக்கலாம்.

வயலை வாரத்துக்கோ குத்தகைக்கோ விடுவதாக இருந்தால், வாய்ப்பேச்சோடு விடாமல், எந்தப் பருவம், எவ்வளவு பங்கு, எப்போது திருப்பித் தருவது என்று எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு மானியம் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ராத்திரி வரப்பில் நடக்கும் வேலை பாதி குறையும். தென்னைக்கு, 45 நாளைக்கு ஒருமுறை வந்து வெட்டிக்கொடுக்கும் ஆளிடம் ஆண்டுக்கும் சேர்த்துப் பேசி வைத்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எந்த வயலுக்கு எப்போது என்ன உரம் போட்டான், பால் கணக்கு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பையன் தலையில் இருக்கும். கிளம்புவதற்கு முன், அதை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன கொடுத்து அனுப்புவது?

சேரச்சொல்லும் கடிதத்திலேயே கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் இருக்கும். அதற்கு மேல் வேண்டாம் என்பது அண்ணாச்சியின் கட்சி. உணவு, தங்குமிடம், சீருடை அங்கேயே கிடைக்கும். அசல் சான்றிதழ்கள், அவற்றின் நகல்கள் சில, போட்டோக்கள், வங்கிப் புத்தகம், கொஞ்சம் கைச்செலவுக்குப் பணம், ஒரு நல்ல பூட்டு... இது போதும். தங்கச்செயின், மோதிரம் வேண்டாம்.

பயிற்சி எங்கே என்பது எந்தப் பிரிவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. 1758-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மையம் நம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்புக்குப் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக், ஹைதராபாத். தமிழ் பேசுபவர்களே சுற்றிலும் இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். ‘தண்ணீர் வேண்டும்’, ‘உடம்பு சரியில்லை’, ‘புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்’ என்ற அளவுக்காவது இந்தியில் பேசப் பழகிவிட்டால், முதல் மாதம் சுலபமாகப் போகும். துணி துவைப்பது, பொத்தான் தைப்பது, சப்பாத்தி சாப்பிடுவது எல்லாமே வீட்டிலேயே பழக வேண்டியவை.

‘‘முதல் மாசம் எல்லாரும் அழுவாங்க, தம்பி. நானும் அழுதிருக்கேன். அப்ப போன்ல அம்மாவும் அழுதா, பிள்ளை உடைஞ்சு போவான். ‘மாடு கன்னு போட்டிருக்கு, உளுந்து நல்லா வந்திருக்கு’ன்னு ஊர்க்கதையச் சொல்லணும். கடிதம் எழுதினா இன்னும் நல்லது. அதை நாலு தடவை படிப்பான்’’ என்றார் அண்ணாச்சி. யூனிட்டுக்குப் போன பிறகு, அவர்கள் தரும் ‘56 ஏ.பி.ஓ’ அல்லது ‘99 ஏ.பி.ஓ’ முகவரிக்குச் சாதாரணத் தபாலிலேயே கடிதம் போய்ச் சேரும். மகன் எந்த ஊரில், எந்த யூனிட்டில் இருக்கிறான், எந்த ரயிலில் போகிறான் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். அது அவனுடைய பாதுகாப்பு விஷயம்.

கல்யாணப் பேச்சையும் தள்ளி வையுங்கள். அக்னிவீரர்கள் திருமணமாகாதவர்களாக இருக்க வேண்டும். நாலு ஆண்டுப் பணி முடியும்வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது என்பது விதி.

திரும்பி வரும் நாள்

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள், பணிக்காலத்திலேயே தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறார்கள். கற்ற தொழில்திறனுக்கும் சான்றிதழ் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவிகிதம் இட ஒதுக்கீடு என்று 2022-லேயே அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பற்றி மூன்றாம் ஆண்டிலேயே மகனோடு பேசத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் யோசிக்கிற விஷயம் இல்லை.

எல்லாம் பேசி முடித்து, வயலைப் பார்க்கக் கிளம்பினோம். தந்தை முன்னால் நடந்தார். மகனைக் கூப்பிட்டு, புல் மூடிக்கிடந்த எல்லைக்கற்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பக்கத்து அரை ஏக்கர் வரப்பில் கொஞ்ச நேரம் நின்றார்.

‘‘யப்பா... நான் வரும்போது இந்த ஒன்றரை ஏக்கர் கடன் இல்லாம இருந்தாப் போதும். அது வேணும்னா அப்ப பாத்துக்கிடலாம்’’ என்றான் மகன்.

‘‘சரில. நாளைக்கு அவர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்’’ என்றவர், குனிந்து கடைசிக் கல்லைச் சுற்றிப் படர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டார்.

கிளம்பும்போது அந்தத் தாய், ‘‘வாற சனிக்கிழமை நம்ம மதுநாதசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போணும். அதுக்கு முன்னால ஒரு புது சிம்கார்டு வாங்கணும்’’ என்றார். கையில் அண்ணாச்சி எழுதிக்கொடுத்த பட்டியல் இருந்தது.

வாசகர் கேள்விகள்

‘‘மகன் பிளஸ் டூ படிக்கிறான். ராணுவத்தில் சேர இப்போதே எப்படித் தயாராக வேண்டும்?’’
- ஒரு வாசகர், பாவூர்சத்திரம்.

முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு. அதைத் தமிழிலும் எழுதலாம். அதில் தேறியவர்களுக்கு உடற்தகுதித் தேர்வு. பொதுப்பணி அக்னிவீரருக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவிகிதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவிகிதமும் வேண்டும். தமிழ்நாட்டுக்கு உயரம் 166 செ.மீ. 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. கம்பியில் தொங்கி 10 முறை உடலைத் தூக்கினால் 40. ஒன்பது அடி பள்ளத்தைத் தாண்ட வேண்டும். நாலைந்து மாதத்துக்கு முன்பே, வாரத்தில் ஒரு நாள் ஓய்வோடு பயிற்சியைத் தொடங்குங்கள். தார்ச்சாலையைவிட மண்பாதை முழங்காலுக்கு நல்லது. முட்டை, நிலக்கடலை, பயறு, கம்பு போதும். ஊக்க மருந்து எதையும் தொட வேண்டாம். மருத்துவப் பரிசோதனைக்கு முன் காதில் உள்ள அழுக்கையும், சொத்தைப் பல்லையும் டாக்டரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். பச்சை குத்தக் கூடாது. வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள பிறந்த தேதியை வைத்துப் பாருங்கள்.

‘‘பணம் கொடுத்தால் ராணுவத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?’’
- ஒரு வாசகி, கடையநல்லூர்.

நம்பவே கூடாது. எழுத்துத் தேர்வுக்கான கட்டணத்தைத் தவிர, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தென்காசி மாவட்டம், திருச்சி ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. சந்தேகம் இருந்தால் அங்கேயே கேளுங்கள். பணம் கேட்பவர் மீது போலீஸில் புகார் கொடுக்கலாம்.

‘‘எங்கள் மகளும் சேர வேண்டும் என்கிறாள். பெண்களுக்கு இடம் உண்டா?’’
- ஒரு வாசகர், செங்கோட்டை.

உண்டு. தரைப்படையில் ராணுவ போலீஸ் பிரிவில் பெண்களை அக்னிவீரர்களாக எடுக்கிறார்கள். அதற்குத் தனி அறிவிப்பு வரும். மேலே சொன்ன காகித வேலைகளும், கடன் கணக்கும் மகளுக்கும் அப்படியே பொருந்தும்.